கற்பூரத்துக்கு முந்திய ஒரு மணித்தியாலம்

தம்பிமுத்து அண்ணை நெருப்புப்பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்று குச்சிகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

காற்று எந்தப் பக்கமும் இல்லை.

எஞ்சினை நிறுத்தியாயிற்று. போட் நந்திக்கடல் என்ற ஆழமில்லாத கடலேரியின் நடுவில் அசையாமல் நின்றது. மேற்குக் கரையில் அம்மன் கோயில் மரங்கள் நேர்க்கோட்டில் தெரிந்தன. போட்டின் மூக்குப் பலகையை அணியம் என்பார்கள். அந்த அணியத்தில் ஒரு வெற்றிலை, வெற்றிலைமேல் ஒரு கட்டிக் கற்பூரம்.

நான் நடுப்பலகையில் இருந்தேன். என் காலடிப் பலகைக்குக் கீழிருந்து பெற்றோல் மணம் எழும்பிக்கொண்டிருந்தது.

தம்பிமுத்து அண்ணைக்கு அது தெரியாது. பத்து வயதிலிருந்து மீன் காய விடுகிறவர். "என்ர மூக்கு கருவாட்டோட செத்துப் போச்சு" என்று அவரே சொல்வார். போட்டின் சொந்தக்காரர் காசிம் நானாவுக்கு மூன்று நாளாகத் தடிமன். மூக்கைத் துடைக்க லேஞ்சியும் கையுமாகப் பின்பலகையில் இருந்தார். அந்தப் போட்டில் வேலை செய்த மூக்கு என்னுடையது ஒன்றுதான்.

எஞ்சின் பைத்தியம்

அந்த வருடம் நான் எச்.எஸ்.சி. சோதனை எழுதிவிட்டு, மறுமொழிக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓரிடத்தில் இரண்டு நாள் இருக்க என்னால் முடியவில்லை.

கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் ஐயாவுக்கு வயல். யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் தோட்டத்தை விட்டு வந்தவர். மகன் வயலில் இறங்கக் கூடாது, மேசையில் இருந்து எழுத வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. "கிளாக்கர் சோதனைக்கு விண்ணப்பம் போடு" என்று காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம் சொல்வார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டி வீதியில் ஏறிவிடுவேன்.

கனகராயன்குளத்தில் பாலை மரத்துக்குக் கீழே ஒரு லொறிக் கராஜ் இருந்தது. கொழும்புக்குப் போகிற லொறிகள் பாதி உயிரோடு வந்து நிற்கும். முக்கால் உயிரோடு போகும். மூன்று மாதம் நான் அங்கே கூலியில்லாமல் கிடந்தேன். ஒரு லொறி முனகுவதைக் கேட்டே எது பழுது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

அங்கே கண்ட வித்தைகளில் ஒன்றுதான் சவர்க்கார வித்தை. பெற்றோல் தாங்கியில் ஓட்டை விழுந்தால், உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை மாவாகப் பிசைந்து அழுத்தி அப்ப வேண்டும். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. ஒரு லொறி அப்படி அப்பிக்கொண்டு கொழும்பு போய், திரும்பி வந்து, எங்களுக்குக் கையும் காட்டிவிட்டு யாழ்ப்பாணம் போனதைக் கண்ணால் கண்டவன் நான்.

நானாவின் தூண்டில்

காசிம் நானாவுக்குத் தண்ணீரூற்றில் நெல்லு ஆலை, இரண்டு லொறி. அவருடைய லொறி ஒன்றுதான் கராஜில் என்னைக் கண்டுபிடித்தது. வெளிச்சம் எரியாமல் வந்த லொறியை நான் பத்து நிமிடத்தில் எரிய வைத்தேன். "போட்டும் பாப்பியோ?" என்று கேட்டார். போட் எஞ்சினை அதுவரை நான் கண்டதே இல்லை. "ஓம்" என்றேன்.

ஊருக்குத் திரும்பிப்போன, காணி அளக்கிற வெள்ளைக்காரச் சேவையர் ஒருவர் விட்டுப்போன போட் அது. பதினெட்டு அடி, நடுவில் சின்னப் பெற்றோல் எஞ்சின், பின்பலகைக்குக் கீழே தகரத் தாங்கி. நானா அதில் மீன் பிடிக்கப் போவது விற்பதற்கும் இல்லை, கறிக்கும் இல்லை. பொழுதுபோக்குக்கு. முல்லைத்தீவுக் கரையில் இது விளங்காத விஷயம். கரைவலை இழுக்கிறவர்கள் அவர் போகும்போதெல்லாம் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

"நானாவின்ர தூண்டிலை மீன் கடிக்கிறேல்லை. மரியாதைக்கு ஒருக்காத் தொட்டுப்போட்டுப் போகுது."

நானாவும் சிரிப்பார். "தொட்டால் காணும், எனக்கு அது போதும்" என்பார்.

எஞ்சினைவிட என்னை ஆட்டி வைத்தது அதன் மின்சாரம்தான். லொறிக்குத் தூசி எப்படியோ, போட்டுக்கு உப்புக்காற்று அப்படி. வயரின் தோலுக்குள் எறும்பு போலப் புகுந்து போகும். வெளியில் பார்த்தால் நல்ல வயர். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுதும் பச்சைக் களிம்பு. முதல் மாதம் முழுக்க வயர் வயராகக் கழற்றி, குத்துவிளக்குத் துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கி, கிறீஸ் தடவிப் பூட்டினேன். பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முல்லைத்தீவில் றேடியோ கடைக்குப் போய் ஏற்றிவருவேன். அசிட் சிந்தி என் காற்சட்டை இரண்டு சல்லடையாகிவிட்டன. அம்மா அதைக் காட்டி அழுதா.

எனக்கோ வாழ்க்கையில் அதைவிட இன்பமான மாதம் இருந்ததில்லை. போட் ஒரு உதையில் உயிர் பெறும். நானா எல்லாரிடமும் "என்ர இஞ்சினியர்" என்று என்னைக் காட்டுவார். ஐயாவின் காதுக்கும் அது போயிற்று. "தைப்பொங்கல் மட்டும் பாப்பன். நானா உனக்கு நிரந்தரமா ஒரு வேலை தராட்டி, விண்ணப்பத்தில கையெழுத்து வைக்கிறாய்" என்றார்.

பொங்கலுக்கு மூன்று கிழமை இருந்தது.

தரையில் ஓடிய நெருப்பு

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லாவிட்டால், அந்தப் போட்டில் நான் ஏன் அப்படி விறைத்துப்போய் இருந்தேன் என்பது விளங்காது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் திட்டத்துக்கு உழவு இயந்திரம் வந்த புதிது. சாரதி வாளியில் பெற்றோல் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல வெயில், காற்றில்லை. எட்டு முழம் தள்ளி, வரம்பில் குந்தியிருந்த ஒருவர் சுருட்டுக்கு நெருப்பு வைத்தார்.

அவருக்கும் வாளிக்கும் இடையில் வெறும் தரைதான். அந்தத் தரையால் நெருப்பு ஓடியதை நான் கண்டேன். நீல நிறம். புல்லைக்கூடத் தொடாமல், சாரைப்பாம்பு போல ஓடிப் போய் வாளியில் ஏறியது. சாரதிக்கு வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் தங்கும் என்று பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு அது பாடமாகத் தெரியவில்லை. சாரதியின் கை தெரிந்தது.

போட்டின் அடியும் ஒரு பள்ளம்தான்.

அரை மணித்தியால வேலை

அந்த முறை மாரி மழை கொட்டித் தள்ளியிருந்தது. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து, வெள்ளம் முழுதும் நந்திக்கடலில் இறங்கியிருந்தது. முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி விட்டிருந்தார்கள். அப்படி வெட்டிய சில நாட்களுக்குத்தான் கடலிலிருந்து கொடுவா மீன் ஏறி வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை துறைக்குப் போனேன். தாங்கியின் மூலைப் பொருத்தில் வேர்வை போல ஒரு கசிவு. விரலால் துடைத்தேன். திரும்பவும் வந்தது.

முறையான வேலை எனக்குத் தெரியும். தாங்கியைக் கழற்றி, சுடுதண்ணீரால் பலதரம் கழுவி, இரண்டு நாள் காய விட்டு, ஈயம் வைக்க வேண்டும். நானாவிடம் சொன்னேன்.

"ரண்டு நாளோ?" என்றார் நானா, மூக்கைச் சிந்திக்கொண்டு. "கொடுவா எனக்காக ரண்டு நாள் நிக்குமோ தம்பி? வேற வழி ஒண்டும் இல்லையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபிக்கிற மனிதரும் இல்லை. ஆனால் "என்ர இஞ்சினியர்" என்று அவர் சொல்லும்போது என் நெஞ்சு விரிவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

"அரை மணித்தியாலம் தாங்கோ நானா" என்றேன்.

துறையடிக் கடையில் அரைக் கட்டிச் சவர்க்காரம் வாங்கிப் பிசைந்தேன். மூலையில் அப்பி, சீலைத்துண்டு சுற்றி இறுக்கினேன். கசிவு நின்றது. கராஜில் நின்றதைவிட அழகாக நின்றது.

"இனி?" என்றார் நானா.

"இனி ஒரு சொட்டும் வராது."

லொறித் தாங்கி நிலத்துக்கு மேலே, காய்ந்த இடத்தில் தொங்குகிறது. போட் தாங்கியோ அடித்தண்ணீரில் குந்தியிருக்கிறது. பெற்றோலில் கரையாத சவர்க்காரம் தண்ணீரில் கரையும். உப்புத்தண்ணீர் என்றாலாவது கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். அந்த வெள்ளத்தில் நந்திக்கடலே பாதிக் குளத்துத் தண்ணீராக இருந்தது. இதை அறிய எச்.எஸ்.சி. தேவையில்லை. உடுப்புத் தோய்க்கிற எவருக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் தெரியவில்லை. நான் லொறியில் படித்தவன்.

துறையிலிருந்து கோயில்வரை

துறையை விட்டு வெளிக்கிட்ட கையோடு மணத்தது.

நிரப்பும்போது சிந்தியதாக இருக்கும் என்று எனக்குள் சொன்னேன். நான் ஒரு துளியும் சிந்தவில்லை என்பது எனக்கே தெரியும்.

இருபது நிமிடம் போனது. தம்பிமுத்து அண்ணை சுக்கானில் இருந்தபடி கொடுவாவுக்கு எந்த இறால் நல்லது என்று நானாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். நான் குனிந்து, சப்பாத்து நூல் கட்டுவது போல அடிப்பலகையின் நீக்கலால் பார்த்தேன். நான் சப்பாத்துப் போட்டிருக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

கீழே தண்ணீர் கஞ்சி போல வெளுத்திருந்தது. அதன்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் ஆடியது.

நிமிர்ந்தேன். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"தம்பி," என்றார் நானா, அதே நேரத்தில். "தையிலயிருந்து லொறி ரண்டையும் உன்னட்ட விடுறதா யோசிக்கிறன். மாதச் சம்பளம். என்ன சொல்லுறாய்?"

"நல்லது நானா" என்றேன்.

பிறகு சொல்வது இன்னும் கடினமாயிற்று. போட் ஓடும்வரை காற்றடிக்கும், ஆவி தங்காது, எஞ்சின் ஓடட்டும், கரைக்குத் திரும்பியதும் யாருமறியாமல் இறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வயர்கள் ஒவ்வொன்றும் எங்கெங்கே ஓடுகின்றன என்று மனதுக்குள் தடவிப் பார்த்தேன். அத்தனையும் நான் பூட்டியவை. எது இறுக்கம், எது தளர்வு என்று தெரியும். தெரிந்தது ஆறுதலாக இல்லை. சுவிச்சடியில் ஒரு வயரை அடுத்த கிழமை மாற்றுவதாக விட்டிருந்தேன்.

துறையை விட்டு ஒரு மணித்தியாலமாயிற்று. தம்பிமுத்து அண்ணை கையை உயர்த்தினார்.

"அம்மனுக்கு நேர வந்திட்டம். நிப்பாட்டு."

இது அந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளம் ஏறிய நந்திக்கடலில் முதல்தரம் போகிற எந்த வள்ளமும் கோயிலுக்கு நேரே வந்ததும் நின்று, அணியத்தில் கற்பூரம் கொளுத்தாமல் தாண்டாது. வள்ளத்தில் பெற்றோல் இல்லாத காலத்து வழக்கம். தம்பிமுத்து அண்ணை நானாவிடம் வேலைக்குச் சேரும்போதே இதைச் சொல்லித்தான் சேர்ந்தவர்.

வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. அந்த ஒரு மணித்தியாலமும் அதை நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான். வயரை நினைத்தேன், வேலையை நினைத்தேன், ஐயாவை நினைத்தேன்.

சுவிச் என் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். எஞ்சின் நின்றது. காற்றும் நின்றது.

மூன்று குச்சி

தம்பிமுத்து அண்ணை அணியத்துக்குப் போய் நெருப்புப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்தார். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

"ஏன்?"

"காத்து..."

"காத்தில்லை. அதாலதானே இப்ப கொளுத்துறன்."

"திரும்பி வரேக்க கொளுத்துவமே."

தம்பிமுத்து அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். "இங்கிலீசுப் புத்தகம் வாசிச்சால் அம்மனுக்குத் தவணை சொல்லலாம் போல கிடக்கு, என்ன நானா?"

"விடு தம்பி" என்றார் நானா. "அது அவரின்ர கும்பிடு. தொப்பி போட்ட நானே ஒருநாளும் குறுக்க நிண்டதில்லை. நீ சைவப் பொடியன், உனக்கென்ன?"

தம்பிமுத்து அண்ணை குச்சியை உரசினார்.

மாரி ஈரத்தில் மருந்து நமுத்துப்போயிருந்தது. குச்சியின் தலை உதிர்ந்து விழுந்தது.

"சனியன்" என்று சொல்லி அடுத்ததை எடுத்தார். இந்தமுறை அதைக் காதுக்குப் பின்னால் தலைமயிரில் இரண்டுதரம் தேய்த்து உலர்த்தினார்.

நான் எழும்பியது எனக்கு நினைவில்லை. போட் ஒரு பக்கம் சரிந்தது, நானா பலகையைப் பிடித்துக்கொண்டு "யா அல்லா" என்றார், என் இரண்டு கையும் தம்பிமுத்து அண்ணையின் கையை நெருப்புப்பெட்டியோடு சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தன.

"கீழ பெற்றோல் அண்ணை. கீழ முழுக்கப் பெற்றோல்."

நானா குனிந்து அடிப்பலகை ஒன்றைத் தூக்கினார். தடிமன் மூக்கும் சுளித்தது.

"என்ன வைச்சு அடைச்சனீ?"

"சவர்க்காரம்."

"தண்ணிக்குள்ளயோ?"

"ஓம் நானா."

"வீட்டில என்ர மனுசியைக் கேட்டிருந்தால் அவவே சொல்லியிருப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பலகையை மெதுவாக, முட்டை வைப்பது போலத் திரும்ப வைத்தார். "இனி எஞ்சினைத் திருப்பலாமோ?"

"ஏலாது. சுவிச்சில பொறி பறக்கும்."

"அப்ப பற்றரியைக் கழட்டு."

"கழட்டேக்கயும் பறக்கும் நானா."

தம்பிமுத்து அண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார். வெற்றிலையையும் கற்பூரத்தையும் ஒரு கையில், நெருப்புப்பெட்டியை மறு கையில் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நெஞ்சளவு ஆழம். நடந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு கூப்பிடு தூரம் போய் நின்றார். இரண்டாவது குச்சி பற்றியது. உள்ளங்கையில் வெற்றிலை, அதில் சுடர். அது எரிந்து முடியும்வரை கோயில் பக்கம் பார்த்து நின்றார். மூன்றாவது குச்சியையும் பெட்டியையும் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுத் திரும்பி வந்தார்.

நல்ல மூக்கு

மூன்று பேரும் இறங்கிப் போட்டைத் தள்ளினோம். நெல்லு ஆலை முதலாளியும் சாரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தும்மித் தும்மித் தள்ளினார். சேறு முழங்கால்வரை இழுத்தது.

பாதி வழியில், நானா மூச்சு வாங்க நின்றபோது, தம்பிமுத்து அண்ணை கேட்டார்.

"உனக்கு எப்ப மணந்தது?"

அவர் குற்றம் சாட்டவில்லை. அறிகிற ஆசையில்தான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், போட்டின் விளிம்பைப் பார்த்துச் சொன்னேன்.

"இப்பத்தான் அண்ணை. எஞ்சினை நிப்பாட்டின பிறகுதான்."

"நல்ல மூக்கு" என்றார். ஈரக் கையால் என் முதுகில் தட்டினார். "நீ இல்லாட்டி இண்டைக்கு மூண்டு பேரும் கருவாடு."

கரையில் அந்தக் கதைதான் இறங்கியது. சவர்க்காரத்தைப் பற்றி எல்லாரும் ஒரு கிழமை சிரித்தார்கள். அது பொடியனின் பிழை, பொறுக்கலாம். மூக்கைப் பற்றி மல்லாவிச் சந்தைவரை பேசினார்கள். மணந்த அந்தக் கணமே பாய்ந்து கையைப் பொத்தினவனாம். தை பிறந்ததும் நானா இரண்டு லொறியையும் தந்தார். ஐயா விண்ணப்பத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். தாங்கியைக் கழற்றி ஈயம் வைத்து, இரண்டு மரக்கட்டையில் உயர்த்திப் பூட்டினேன். தாங்கிக்குப் பக்கத்தில் ஆவி வெளியேறப் பலகையில் துளைகள் போட்டேன். இன்றைக்கும் எந்தப் போட்டில் ஏறினாலும் முதலில் குனிந்து மணந்து பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் அதைத் திறமை என்கிறார்கள்.

தம்பிமுத்து அண்ணைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இந்த வார இதழில் நான் எழுதிவரும் தொடரை அவருடைய மகள் பரமேசு வாராவாரம் வாசித்துக் காட்டுகிறாள். பிழைகளைப் பஸ் கொண்டக்ரரிடம் சொல்லி அனுப்புவார்: போன மாதம் எழுதிய மழை அந்த வருடத்து மழை இல்லையாம்; கரைவலைக் கயிற்றின் நீளம் குறைத்துச் சொல்லிவிட்டேனாம். ஒன்றும் அவருக்குத் தப்பாது.

இந்த இதழ் வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் அவர்கள் இருக்கிற தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேரும். பின்னேரம் பரமேசு வாசிக்கத் தொடங்குவாள். இவ்வளவு தூரம் வந்ததும் நிறுத்தித் தகப்பனின் முகத்தைப் பார்ப்பாள்.

அண்ணை, எனக்கு மணந்தது துறையிலேயே. அந்த ஒரு மணித்தியாலமும் உங்களையும் நானாவையும் அதன்மேல் இருத்தி வைத்துக்கொண்டு, என் வேலையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வாசல் படலையைத் திறப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.